கிராம அபிவிருத்திச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சிறுவர் விளையாட்டுப் போட்டி, குளக்கட்டுச் சிரமதானம் மூன்றும் வழமைபோல் நடைபெற்றன. வாசிகசாலைக்குப் பத்திரிகை தடையின்றி வந்தது. நிர்வாக சபை ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச அங்கத்தவர் எண்ணிக்கை) சேராமல் தீர்மானம் எதுவும் எடுக்காமல் கலைந்தோம்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி நினைவுக்கற்களுக்கே போனது. அது எதற்கு என்று சிலர் வெளியில் கேட்டார்கள். கூட்டத்திற்கு வந்து கேட்டிருக்கலாம். பதிலை இங்கே தருகிறேன்.

2009 இடப்பெயர்வோடு எமது சங்கப் பதிவேடுகள் போய்விட்டன. பொதுக்கிணறு எப்போது வெட்டப்பட்டது, காணியைக் கொடுத்தது யார் என்பதற்கு எஞ்சியிருந்தது கிணற்றுக்கட்டில் பதித்த ஒரு முழ அகலக் கல் மட்டுமே. அதன் எழுத்தும் பாசி பிடித்து மங்கியிருந்தது. கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம் என்று தடுத்தோம். தேய்த்தால் பாசியோடு எழுத்தின் விளிம்பும் போகும். தண்ணீரும் மெல்லிய தும்புத் தூரிகையும் போதும். பொழுது பட்ட பின் ரோச் லைற்றைக் கல்லின் முகத்துக்கு நேரே பிடிக்காமல், பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அப்படித்தான் கொடையாளியின் பெயரும் ‘குரோதி வருடம் பங்குனி’ என்ற வரியும் கிடைத்தன.

ஆனால் வருடப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். குரோதி பங்குனி என்றால் 1905ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம். 1964 டிசெம்பர் புயலுக்கு அடுத்த பங்குனியில் வெட்டிய கிணறு என்று முதியோர் ஒரே குரலில் சொன்னதால் 1965 எனத் தீர்மானித்தோம். அந்த முதியோரும் இல்லாத காலத்தில் யாரிடம் கேட்பது? 2024 சித்திரையில் பிறந்ததும் குரோதி வருடமே. ஆகவே இனி எமது கல் எதிலும் வருடப்பெயரோடு ஆண்டு எண்ணும் கட்டாயம் இருக்கும்.

ஒட்டுசுட்டான் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல்லின் வாசகத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். காப்டன் வொன் டிறிபேர்க் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அது வென்றவன் பக்கம் நின்று சொன்னது. ஆனாலும் 1803 ஒக்ரோபர் 31 என்று நாளை முழுதாகக் குறித்தது. இடத்தை ‘இவ்விடத்திற்கு அண்மையில்’ என்று மட்டும் சொன்னது. எவரைப் புகழ நட்டார்களோ அவரை இன்று யாரும் தேடுவதில்லை. பண்டாரவன்னியனைத் தேடுவோருக்கு அதே வரிதான் நாளும் இடமும் கொடுக்கிறது. எமது ஊர்களிலோ திறந்து வைத்தவர் பெயர் பெரிதாகவும் கட்டிய ஆண்டு அடியில் சிறிதாகவும் வெட்டப்படுகின்றன. இது மாறவேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. என்ன, எப்போது, யார் பணம், யார் காணி என்ற நான்கும் முதலில். விருந்தினர் பெயர் கடைசி வரியில் போதும்.

வாசிகசாலையில் முன்னர் பதித்த கல்லை இவ்வாண்டு மாற்ற நேர்ந்தது. பிழைகள் மூன்று. இரும்புத் திருகாணி போட்டிருந்தார்கள். துருப்பிடித்த இரும்பு ஊதும், ஊதியதில் கல்லின் இரு மூலைகளும் வெடித்தன. பொன்நிறப் பெயின்ற் மேற்கு வெயிலில் வெளிறிவிட்டது. மூன்றாவது எழுத்துப் பிழை. யுனிகோட்டில் அனுப்பிய வாசகம் கடையிலிருந்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் சரியாகத் திறக்காததால் அவர்கள் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தட்டச்சுச் செய்தார்கள். அங்கேதான் ‘ள’ எல்லாம் ‘ல’ ஆனது. கல்லில் வெட்டிய பிழைக்குத் திருத்தம் கிடையாது.

புதிய கல் கறுப்புக் கிரனைற், 2 அடிக்கு 1½ அடி, தடிப்பு 20 மில்லிமீற்றர், எடை ஏறக்குறைய 16 கிலோ. பித்தளை வேண்டாமென்று விட்டோம்: பழைய உலோகம் வாங்குவோர் கண்ணில் பட்டால் நிற்காது, குத்துவிளக்குப்போல் புளிபோட்டு விளக்க விளக்க எழுத்தும் தேயும். எழுத்து உயரம் 22 மில்லிமீற்றர். இந்த அளவுக்கு எட்டு வரி, வரிக்கு இருபதெழுத்துக்குமேல் கொள்ளாது. எழுத்து வடிவை ஸ்ரிக்கரில் உரித்தெடுத்து, அந்த இடத்தில் மணலை வேகமாக வீசி வெட்டும்போது முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ஸ்ரிக்கர் உரிக்கையில் சிறு வட்டம் உரியாமல் கல்லிலேயே ஒட்டி நின்றுவிடும். புள்ளி 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். வாசகத்தை உண்மையளவில் கடதாசியில் எடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று மூவர் உரக்க வாசித்து ஒப்பமிட்ட பிறகே வெட்டச் சொன்னோம்.

பதிப்பதிலும் கவனம் வேண்டும். புதுப் பூச்சு நான்கு கிழமையாவது காயவேண்டும். இல்லாவிட்டால் உள்ளீரம் சுண்ணாம்பை இழுத்துவந்து கல்லின் ஓரத்தில் வெள்ளை பூக்கும். துளை விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே. டிறில்லைச் சுத்தியல் நிலையில் வைக்காமல், வைரமுனை போட்டு, தண்ணீர் விட்டுத் துளைத்தோம். பசையைப் பின்பக்கம் ஐந்து இடத்தில் உருண்டையாக அப்பினால் இடைவெளியில் மாரித்தண்ணீர் தங்கும். ஆகவே ஓடு ஒட்டும் பசையை முழுதாகப் பூசினோம். சுற்றிவர 3 மில்லிமீற்றர் விட்டுச் சிலிக்கோன். திருகாணி எவர்சில்வர். எழுத்துக்கு வெள்ளை எனாமல்.

இனி, சந்தியில் நடவிருக்கும் வெள்ளமட்டக் கல். 2018 டிசெம்பர் 21, 22 வெள்ளம் எந்த வீட்டில் எதுவரை ஏறியது என்பதை இன்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். புது வீட்டுக்கு அத்திவாரம் எவ்வளவு உயர்த்துவது, நெல் மூட்டையை எங்கே அடுக்குவது என்பதற்கு வெள்ளம் நின்ற மட்டத்தைக் காட்டும் ஒரு கோடு போதும். சேற்றுக்கறை இன்னும் தெரியும் மூன்று வீடுகளில் அளவெடுத்தோம். ஓட்டத் தண்ணீர் மோதிய சுவரில் கறை உயரக் காட்டும். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரின் கறையையே எடுத்தோம். உள்ளே தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்து, மட்டத்தைச் சந்திக்குக் கொண்டுவந்தோம். ‘தரையிலிருந்து இத்தனை அடி’ என்று எழுதப்போவதில்லை. கிரவல் கொட்டக் கொட்ட வீதி உயரும். வெள்ளம் நின்ற மட்டத்திலேயே கோடு வெட்டப்படும், குளத்தின் மிகுதி நீர் வழியும் வான்கட்டின் உச்சியோடு ஒப்பிட்ட அளவும் அதன்கீழ் வரும். மாடு உரசும் இடமாகையால் தூணுக்கு இரண்டடி ஆழ அத்திவாரம், 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கொங்கிறீற். வீதியோரம் என்பதால் பிரதேச சபைக்கு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு செலவு ஏறக்குறையச் சமம். வாசிகசாலைக் கல்லின் கூலியில் சிறு பாக்கி உண்டு. சந்தாப் புத்தகத்தில் பாதிக்குமேல் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. வருடம் முழுவதும் ஒரு கூட்டத்துக்கும் வராதவர்கள் திரைநீக்கத்தன்று முன்வரிசையில் நின்று, தங்கள் பாட்டனார் பெயர் கல்லில் ஏன் இல்லை என்று கேட்டது மனத்தை நோகச் செய்தது. அவர்கள் கொண்டுவரும் தகவல் சான்றோடு இருந்தால் சேர்த்திருப்போம். வாசகம் ஒரு மாதம் வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டுத்தான் இருந்தது.

கிராம அலுவலருக்கும், குழாய் பிடித்த இளைஞர்களுக்கும், கூலி குறைத்த மேசனாருக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்தினருக்கும் நன்றி.

வெள்ளமட்டக் கல் ஐப்பசி மழைக்கு முன் காய்ந்து நிற்கவேண்டுமானால் ஆடிக்குள் முற்பணம் கொடுத்தாகவேண்டும். பொருளாளர் ஞாயிறு காலைகளில் வாசிகசாலையில் சந்தாப் புத்தகத்தோடு இருப்பார். கல்லின் கடைசி வரியாக ‘அங்கத்தவர் சந்தாப் பணத்தில் நிறுவப்பட்டது’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரியை வெட்டலாமா என்பதை ஆனி முடிவில் புத்தகத்தைப் பார்த்துத்தான் கடைக்குச் சொல்லமுடியும்.

செயலாளர்