வறண்ட கண்மாயில் மண் அள்ளும் முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெடித்துக் கிடக்கும் கண்மாய்களின் படங்கள் இந்தக் கோடையில் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. பார்ப்பவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் அள்ள இயந்திரம் இறங்கப்போகும் நேரம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயி. மாசி முதலே விடியலில் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். தண்ணீர் இறங்க இறங்க, வரும் பறவைகளும் மாறிக்கொண்டே இருந்தன. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் என்று ஆழம் தேவைப்படுகிறவை முதலில் கிளம்பின. முழங்கால் அளவுத் தண்ணீரில் கொக்குகளும் கரண்டிவாயன்களும் கூடின. சேறானதும் நத்தைகுத்தி நாரைகள் வந்தன. கெண்டைகள் செத்து மிதந்த நாட்களில் பருந்துகள் வட்டமிட்டன. இப்போது மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் மட்டும் கலங்கல் தண்ணீர் கிடக்கிறது. அதில் விராலும் குரவையும் தேளியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன, மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்கள் என்பதால். சுற்றியுள்ள ஈரத்தில் காலையில் நரியின் தடமும் கீரியின் தடமும் தெரிகின்றன. மயில்களுக்கும் குடிக்க அந்தப் பள்ளம்தான்.

காய்ந்த பகுதியில் ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிட்டிருக்கின்றன. கூடு என்று எதுவும் கிடையாது. சின்னக் குழியில் சிறு கற்களுக்கு நடுவே மண் நிறத்தில், கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள். பக்கத்தில் நின்றாலும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை அந்தப் பள்ளத்துக்குப் பறந்து போய், வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அந்த ஈரம்தான் முட்டைகளை வெந்துபோகாமல் காக்கிறது. பள்ளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

மண்ணுக்குள்ளேயும் உயிர்கள் இருக்கின்றன. பாலாமை என்ற நன்னீர் ஆமை சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை கிடக்கும். நத்தைகள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். தவளைகளும் அப்படித்தான். ஐப்பசியில் முதல் தண்ணீர் வந்ததும் கண்மாய் உடனே உயிர் பெறுவது இவற்றால்தான். பாலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

வண்டல் அள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் எனக்கும் நிலம் உண்டு, எனக்கும் வண்டல் வேண்டும். தூர் எடுக்காத கண்மாயில் தண்ணீர் நிற்காது என்பதும் தெரியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதே, அந்தக் கோடையை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் மடைப் பள்ளத்தை மழை வரும்வரை தொட வேண்டாம். மிச்ச மீனுக்காக மோட்டார் வைத்து இறைக்கவும் வேண்டாம். ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவில்கூடச் சேறு அங்கேயே இருக்கும், இயந்திரம் வந்தால் அதுவும் போய்விடும். உள்வாய் எனப்படும் கண்மாயின் உட்பரப்பு முழுவதையும் ஒரே வருடத்தில் சுரண்டாமல் ஒரு பாதியை அடுத்த கோடைக்கு விடலாம். ஆள்காட்டி அடைகாப்பது ஒரு மாதம்தான். பொரித்தால் குஞ்சுகள் உடனே நடக்கத் தொடங்கிவிடும். அதுவரை அந்த இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டு வைத்தால் போதும். இயந்திரத்தின் வாளியில் ஆமை வந்தால் பள்ளத்தில் கொண்டுபோய் விட ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் எங்களுக்குப் பக்கம்தான். 1977இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயம் என்ற பெயரில்லாத மற்ற கண்மாய்களுக்கு, வண்டல் அள்ளத் தரும் அனுமதிச் சீட்டில் இந்த நிபந்தனைகளை அச்சிட்டே கொடுத்தால் நல்லது. மாவட்ட நிர்வாகம் இந்தச் சித்திரைக்குள் அதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்.