உன் கட்சிக்காரர்களின் ரகசியமும் அந்த ஹார்ட் டிஸ்க்கும்

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைக் கையில் எடுத்தால் வரி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறாள். சின்னவன் கோவையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உன் மகள் உன்னிடமே ஜூனியராக வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, "எல்லா கேஸ் கட்டும் ஸ்கேன் பண்ணி ஒரே ஹார்ட் டிஸ்க்ல போட்டாச்சு, எங்க போனாலும் பையிலேயே இருக்கு" என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். உன்னிடம் யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். விவாகரத்து, ஜீவனாம்சம், போக்சோ. பெற்றவளிடம்கூடச் சொல்லாததை உன் எதிரே உட்கார்ந்து சொல்கிறார்கள். டாக்டர் சர்டிபிகேட், குழந்தையின் வாக்குமூலம், புருஷன் அனுப்பிய வாட்ஸ்அப் மிரட்டல், பாங்க் பாஸ்புக் எல்லாம் பஸ் சீட்டில் மறந்துவிட்டு இறங்கிவிடக்கூடிய ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே விடக் கூடாது என்ற சாட்சியச் சட்டம் 126-ஐப் பரீட்சைக்குப் படிக்கும்போது என்னிடம்தான் ஒப்பித்தாய். இப்போது புதுச் சட்டத்தில் 132. அந்தக் கட்டுப்பாடு உன் பையிலிருக்கும் டிஸ்க்குக்கும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அது லேப்டாப்புக்கு மட்டும்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்துகொள்ளும். 2017-இல் லண்டனில் அதுதான் நடந்தது. ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் தவறவிட்ட பென் டிரைவ் வழியில் ஒருவருக்குக் கிடைத்தது. அவர் நூலகத்துக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், எதற்கும் பூட்டு இல்லை. பிறகு அது ஒரு பத்திரிகையின் கைக்குப் போனது. மறு வருடம் விமான நிலையத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

2022 ஜூனில் ஜப்பானின் அமகசாகி நகரத்திலும் ஒரு டிரைவ் தொலைந்தது. நகரவாசிகள் சுமார் 4.6 லட்சம் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி விவரம் எல்லாம் அதில். ஒப்பந்த வேலைக்கு வந்த ஊழியர் குடித்துவிட்டுத் தெருவிலேயே தூங்கிப்போனார். விழித்தபோது பையைக் காணோம். சில நாளில் பை கிடைத்தது, தகவல் கசிந்ததாகவும் தெரியவில்லை. அந்த டிரைவ் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தது, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றிப் பூட்டப்பட்டிருந்தது என்ற ஒன்றுதான் அந்த நாட்களில் ஊருக்கு இருந்த தைரியம். ஆனால் அதிகாரிகள் செய்தியாளர் கூட்டத்தில் பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்பதையே சொல்லிவிட்டார்கள். உடனே ஊர்ப் பெயரையும் வருடத்தையும் சேர்த்தால் கணக்குச் சரியாக வருகிறதே என்று ஜனங்கள் ஊகிக்க ஆரம்பித்தார்கள். ஆகவே மகள் பெயர், வண்டி நம்பர், சேம்பர் பெயர் எதுவும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வை. என்னிடமும் சொல்லாதே.

எப்படிப் பூட்டுவது என்று கேட்பாய். லேப்டாப்பில் விண்டோஸ் ப்ரோ இருந்தால், டிஸ்க்கை இப்படிப் பூட்டும் பிட்லாக்கர் என்ற வசதி அதிலேயே உண்டு. டிஸ்க்கின்மேல் ரைட் கிளிக் செய்தால் வரும். ஹோம் பதிப்பில் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க மட்டும் முடியும். அப்படியானால் வெராகிரிப்ட் என்ற சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான், நம்பிப் பயன்படுத்தலாம். மூன்றாவது, உடம்பிலேயே நம்பர் பட்டன் உள்ள டிரைவ். பின் நம்பரை டிரைவிலேயே அழுத்துவதால் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்த எண் கம்ப்யூட்டருக்குள் போகாது. உருவினால் தானே பூட்டிக்கொள்ளும். விலை சாதாரண டிரைவைவிடப் பல மடங்கு.

இவை எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற ஒரே என்கிரிப்ஷன் முறை. 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றது, இன்றுவரை அதை நேரடியாக யாரும் உடைக்கவில்லை. ஓட்டை விழுவதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டுகிற இடத்தில்தான். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார், தானே என்கிரிப்ட் செய்வதாகச் சொல்லி விற்ற சில சாம்சங், குரூஷியல் கம்பெனி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) மாடல்களைப் பாஸ்வேர்டே தெரியாமல் திறந்து காட்டினார்கள். பிட்லாக்கரும் அதுவரை டிஸ்க்கின் சொல்லை நம்பித் தன் வேலையை அதனிடமே விட்டுவந்தது. மறு வருடம்தான் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றியது. அதனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி எதையும் வாங்கிவிடாதே.

இன்னொன்று. இப்போதிருக்கும் டிஸ்க்கில் நீ பல ஃபைல்களை அழித்திருப்பாய். அழித்தது அழிந்துவிடாது, மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் போட்டால் வந்து நிற்கும். பிட்லாக்கர் கேட்கும்போது, நிரம்பிய இடத்தை மட்டும் பூட்டினால் போதுமா, முழு டிஸ்க்கையுமா என்று இரண்டு வழி காட்டும். முழு டிஸ்க்கையே தேர்ந்தெடு. நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள். பென் டிரைவாக இருந்தால் புதிதாக வாங்கி முதலில் பூட்டிவிட்டுப் பிறகு ஃபைலைப் போடுவதே நல்லது.

அப்போது பிட்லாக்கர் 48 இலக்கத்தில் ஒரு ரிக்கவரி கீ கொடுக்கும், பாஸ்வேர்டு மறந்தால் திறக்க உதவும் மாற்றுச் சாவி அது. அதைப் பிரின்ட் எடுத்து, வீட்டு பீரோவில் பத்திரங்களோடு வை. அந்த டிஸ்க்கிருக்கும் பையில் மட்டும் வைக்காதே. ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமர் தன் 7,002 பிட்காயினுக்கான சாவியை ஐயன்கீ என்ற டிரைவில் வைத்துவிட்டு, பாஸ்வேர்டு எழுதிய காகிதத்தைத் தொலைத்தார். பத்து முறை தவறாகப் போட்டால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021-இல் செய்தி வந்தபோது எட்டு முறை போய்விட்டிருந்தது. அவருக்குப் பணம். உனக்கு வாய்தா அன்று திறக்காத கேஸ் கட்டு. பூட்டிய டிஸ்க் பழுதானால் ரிப்பேர் கடைக்காரராலும் மீட்பது கஷ்டம். அதனால் இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல், அதுவும் பூட்டி, வீட்டில் இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் பெரிய பயம் தொலைவதில் இல்லை, ராணி. கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையில்தான். அங்கே நீயே பாஸ்வேர்டு போட்டுத் திறந்து கொடுத்துவிட்டால் எந்த என்கிரிப்ஷனும் காப்பாற்றாது. இங்கே ஒரு கடையில் நின்றபோது பார்த்தேன். பையன் பென் டிரைவை வாங்குகிறான், ஃபைலை டெஸ்க்டாப்பில் இழுத்துப் போடுகிறான், பிரின்ட் கொடுக்கிறான், அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். இழுத்துப் போட்டது அங்கேயே கிடக்கிறது. யாருடைய ஆதாரோ, ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், "டைவர்ஸ் பெட்டிஷன் ஃபைனல் 2" எல்லாம் வரிசையாக, அடுத்து வருகிறவர் கண்ணுக்கு எதிரே. அந்தக் கூட்டத்தில் அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்த மனுவில் இருக்கிற பெண்ணுக்கு இது தெரிந்தால் எப்படி இருக்கும்?

உன் டிஸ்க் உன் லேப்டாப்பைத் தவிர வேறு எதிலும் ஏறக் கூடாது. சேம்பரில் சின்னதாக ஒரு லேசர் பிரின்டர் வாங்கிப் போட்டுவிடு, செலவு ஒருமுறைதான். கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், காலியான ஒரு பென் டிரைவில் அந்த ஒரு பிடிஎஃப்பை மட்டும் போட்டுக்கொண்டு போ. பிரின்ட் வந்ததும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து உன் கண் முன்னால் அழிக்கச் சொல், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். உன் மகளுக்கும் குமாஸ்தா அண்ணனுக்கும் இதைச் சொல்லிவிடு. தினமும் கடைக்கு ஓடுவது அவர்கள்தானே.

பதில் எழுதும்போது உன் லேப்டாப் ஹோமா, ப்ரோவா என்று பார்த்து எழுது. செட்டிங்ஸில் சிஸ்டம் போய், அதில் அபௌட். எதுவானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்து இரண்டு பேரும் முடித்துவிடலாம். அதுவரை அந்த டிஸ்க் பையில் வேண்டாம், பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஜெயந்தி