நாலு மணி அழைப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மா முழங்கால் வலி என்று சொன்னால் நம்பாதே, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாடி ஏறி இறங்குகிறாள். மூன்று வாரமாக உன் போன் வரவில்லை. வேலை இருக்கும். அதைக் கேட்பதற்காக எழுதவில்லை.

போன தடவை வந்தபோது உன் வயர்லெஸ் செட்டை அலமாரி மேல் வைத்திருந்தாய். ஆன்டெனாவின் அடியில், திருகும் இடத்துக்குச் சற்று மேலே, ரப்பர் வெடித்து உள்ளே கம்பிச்சுருள் தெரிந்தது. மாற்றிவிட்டாயா? அதில் தண்ணீர் இறங்கினாலும் செட் நன்றாக இருப்பது போலவே இருக்கும். பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்குச் சக்தி அதிகம், அதனால் மற்றவர் பேசுவது உனக்குக் கேட்கும். கையில் இருக்கும் செட்டுக்கு ஐந்து வாட்தான், நீ பேசுவது அங்கே போய்ச் சேராது. எல்லாம் கேட்கிறதே என்று நிம்மதியாக நடந்துகொண்டிருப்பாய்.

மாதம் ஒரு தடவை, காட்டில் ரோந்து போகும் உன் ஆட்களின் செட்டுகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா, பேசும் பொத்தான் அழுந்தினபடியே சிக்கிக்கொள்கிறதா என்று பார். ஒரே ஒரு செட்டில் பொத்தான் சிக்கினால் மொத்த சேனலும் அடைபட்டுவிடும். பேட்டரியில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டு. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் நிறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம், எத்தனை மணி தாங்கும் என்பதை அது சொல்லாது. கிழட்டு பேட்டரிதான் சீக்கிரம் நிறையும். அது எப்போதும் புதுப் பையன் கைக்குத்தான் போகும், ஏனென்றால் சீனியர்கள் விடியற்காலையில் வந்து நல்லதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். செட்டுக்கும் பேட்டரிக்கும் நம்பர் போட்டு ஆளுக்கு ஆள் ஒதுக்கிவிடு. பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி விட்டுப் பேசச் சொல். இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும். 'மூணு பேருக்கு அடி' என்பதில் 'மூணு' போய்விடும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கிறேன்.

அழைப்பு நேரத்தைப் பற்றி. காலையில் கிளம்பும்போதே எத்தனை மணிக்கு எந்த இடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பில் மூன்று விஷயம்: இப்போது எங்கே, அடுத்து எங்கே, ஆட்கள் எப்படி. 'எல்லாம் ஓகே' என்பது பதில் ஆகாது. வழி தப்பினவனும் அதையேதான் சொல்வான், வெட்கத்துக்காக. நேரம் தாண்டி பதினைந்து நிமிடம் ஆனால் நீ கூப்பிட வேண்டும், கிடைக்காவிட்டால் பக்கத்து அணியை விட்டுக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அரை மணி ஆனால் ஆள் கிளம்ப வேண்டும். ஒரு குழு அவர்கள் கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து தடம் பிடித்துப் போகட்டும், இன்னொரு குழு அவர்கள் போவதாகச் சொன்ன இடத்திலிருந்து எதிரே வரட்டும். 'வந்துவிடுவான், பேட்டரி போயிருக்கும்' என்று யார் சொன்னாலும் கேட்காதே. பேட்டரிதான் போயிருந்தது என்றால் நல்லதுதான், தேடப் போனவர்கள் நடந்த களைப்போடு போகிறது. அரை மணி, பாப்பா. அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டாம்.

இடத்தைச் சொல்லும் விதத்தையும் ஒன்றாக்கிவிடு. ஒருவன் ஜிபிஎஸ்ஸில் பாகை-நிமிடம் வைத்திருப்பான், இன்னொருவன் தசமம். 11 பாகை 30 நிமிடம் என்பது தசமத்தில் 11.5. அதை ஒருவன் சொல்ல, கேட்டவன் 11.30 என்று தசமத்தில் போட்டால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தள்ளி ஆளைத் தேடுவார்கள். எல்லாருக்கும் தசமம்தான் என்று வை. புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் போதும், அதுவே பதினோரு மீட்டருக்குள் கொண்டுவந்து விடும். ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

வெயில். புதிதாகச் சேர்ந்தவனை முதல் நாளே முழு ரோந்துக்கு அனுப்பக் கூடாது. வழக்கமான வேலையில் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு இன்னொரு பங்காக ஏற்றினால் ஐந்தாம் நாள் முழு வேலைக்கு வருவான். உடம்பு வெயிலுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று விடக் கூடாது, கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு தடவை கால் லிட்டர். அதற்காக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேலும் போகக் கூடாது, இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். பையன் தடுமாறிப் பேசினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், அது வெயில் தலைக்கேறியதுதான். வண்டிக்காகக் காத்திருக்காமல் அங்கேயே சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு போவது. தூக்கிக்கொண்டு ஓடுவதில் போகிற நேரத்தில்தான் மூளையும் ஈரலும் வெந்துபோகின்றன. இதற்கெல்லாம் பக்கத்தில் ஒருவன் இருக்க வேண்டும். தனியாக அனுப்பாதே. ஆள் பற்றாக்குறை என்று மேலே சொல்வார்கள். பீட் என்கிற ரோந்துப் பகுதி இரண்டுக்கு ஒவ்வொருவன் என்று அனுப்புவதைவிட ஒரு பீட்டை அன்றைக்கு மூடி வைப்பது மேல்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ கண்ணி எடுத்த கணக்கைப் போன வருஷம் காட்டினாயே, அப்போதே அம்மாவிடம் சொன்னேன், இவள் என்னைவிடப் படு கெட்டிக்காரி என்று. ஒரு சுருக்குக் கம்பி கண்டால் அங்கேயே நின்று சுற்றிலும் தேடச் சொன்னாய், வேலி ஓரம், தண்ணீருக்குப் போகும் தடம் என்று. கண்ணி வைப்பவன் ஒன்றோடு நிறுத்த மாட்டான். எடுக்கும் முன் படம், இடம், தேதி; எடுத்ததை அங்கேயே சுருட்டிப் போடாமல் முகாமுக்குக் கொண்டுவருவது. இரத்தம் பட்டதைப் பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில் போட வைத்தாய், பூஞ்சை பிடிக்காது, வழக்குக்கு நிற்கும். எண்ணிக்கைக்குப் பரிசு தருவதை நிறுத்தினாய் பார், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கம்பிக்குப் பரிசு வைத்தால் பழைய கம்பியே மறுபடி காட்டுக்குப் போய்த் திரும்பி வரும். நடந்த கிலோமீட்டருக்குப் பாராட்டு வைத்தால் எல்லாரும் வண்டிப்பாதையிலேயே நடப்பார்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் செய்து காட்டுவார்கள், அழைப்புகளைக் குறித்து வைக்கும் லாக் புக் உட்பட.

பார்வையாளர் விஷயத்தில்தான் நீ இளகிய மனசுக்காரி. கடைசி நுழைவு நேரத்தைக் கேட்டவனுக்கெல்லாம் தளர்த்துகிறாய். கணக்கைப் போட்டுப் பார்: எட்டு கிலோமீட்டர் பாதை, முந்நூறு மீட்டர் ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்குப்படி மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வோர் அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. இரண்டு மணி ஆறு நிமிடம் வருகிறது. அது திடமான ஆளுக்கு. குழந்தை குட்டியோடு வருபவர்களுக்கு ஒன்றரை மடங்கு, மூன்றேகால் மணி என்று வை. ஆறேகாலுக்கு இருட்டும் என்றால், தேடுவதற்கு ஒரு மணி வெளிச்சம் கையில் வைத்துக்கொண்டால், இரண்டு மணிக்குக் கதவு மூட வேண்டும். மூன்றுக்கு உள்ளே விடுவது தயவு ஆகாது. தடுக்கும்போது 'ரூல்' என்று சொல்லாதே, இருட்டுவதைச் சொல், உள்ளே தண்ணீர் இல்லாததைச் சொல். காட்டைக் காரணம் காட்டினால் சண்டை வராது. யாராவது திரும்பி வரவில்லை என்றால் முதலில் வெளிவழிகளில் ஆள் நிறுத்து, வண்டி நிற்கும் இடத்தில் ஒருவரை வை. பாதையில் கூட்டத்தை இறக்கித் தடத்தை மிதிக்க விடாதே. கூட வந்தவர்களிடம் செருப்பின் அடி எப்படி என்று கேள், படம் இருந்தால் வாங்கு. கூப்பிட்டால் நடுநடுவே நிறுத்தி ஒரு நிமிடம் அமைதியாகக் கேட்க வேண்டும், எல்லாரும் கத்திக்கொண்டே போனால் அவன் பதில் சொன்னதே தெரியாது.

எதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

உன் முகாமைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. பையன் புதிது என்றும், மறுநாள் காலையில்தான் கிடைத்தான் என்றும், ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றும் போட்டிருந்தார்கள். கடைசி வரி: 'மாலை 4 மணி வரை தொடர்பில் இருந்தார்.'

அந்த வரியை நான் பல தடவை படித்தேன். பொய்யாக நிரப்பிய லாக் புக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே பேனா, ஒரே சாய்வு, நேரமெல்லாம் முழு எண்ணாக 12.00, 2.00, 4.00 என்று இருக்கும். உண்மையான அழைப்பு 2.07க்கு வரும், 3.52க்கு வரும், பக்கத்தில் ஏதாவது ஒரு கிறுக்கல் இருக்கும், 'சத்தம் விட்டு விட்டு வருது' என்று. 4.00 என்று நேராக எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அத்தை ஏன் என்னிடம் பேசுவதில்லை என்று சின்ன வயதில் கேட்டாய். சொத்துத் தகராறு என்று அம்மா சொன்னாள். எங்களுக்கு ஏது சொத்து? அன்றைக்கு ரோந்து போன மாமாவிடமிருந்து நாலு மணி அழைப்பு வரவே இல்லை, பாப்பா. பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முன் இரண்டு தடவை அப்படித்தான் ஆகியிருந்தது. புத்தகத்தில் '4.00 - சரி' என்று நான்தான் எழுதினேன். தேட ஆரம்பித்தது மறுநாள் விடிந்த பிறகு, பதினாலு மணி நேரம் கழித்து. விசாரணையிலும் அந்த வரியையே எழுதிக்கொண்டார்கள், 'நாலு மணி வரை தொடர்பில் இருந்தார்' என்று. பதினாறாம் நாள் அத்தை என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாலு மணிக்குப் பேசினாரே, என்ன சொன்னார்?

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூலை 31, உலக ரேஞ்சர் தினத்தன்று, அந்த வருஷம் காட்டு வேலையில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வருமே, அதை ஒவ்வொரு வருஷமும் முழுக்கப் படிக்கிறேன். பெயர், நாடு, காரணம் இருக்கும். யார் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்பது இருக்காது.

உன் முகாமில் அந்த வரியை யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. நீயாக இருக்கலாம், கன்ட்ரோல் ரூம் பையனாக இருக்கலாம், உண்மையாகவே அவன் கூப்பிட்டும் இருக்கலாம். புத்தகம் இன்னும் உன் கையில் இருந்தால் ஒன்று மட்டும். பக்கத்தைக் கிழிக்காதே, வெள்ளை மை பூசாதே, மேலே மேலே எழுதி மறைக்காதே. ஒரே ஒரு கோடு, கீழே எழுதியிருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியான விவரம், இன்றைய தேதி, நேரம், கையெழுத்து. பின்தேதி போடாதே. பிறகு அந்தப் பையனின் வீட்டுக்கு நீயே நேரில் போ, ஆபீஸ் கடிதம் போவதற்கு முன்.

பையனுக்கு நினைவு வந்துவிட்டதா, பேசுகிறானா? அதை மட்டும் ஒரு வரி எழுது. போன் செய்தால் அம்மா எடுப்பாள், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றால் எழுது.

ஆன்டெனாவை மாற்று.

அப்பா