மெட்ரோ வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சிங்கப்பூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். சென்னை தி. நகரின் கடைத்தெருவான பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு கடை வாசலில் காரை நிறுத்த முடிவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். மெட்ரோ ரயில் வந்த பிறகு இதைச் செய்திருக்கலாமே என்றும் கேட்டிருக்கிறாய். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது 1975 ஜூனில். இந்த ஊர் மெட்ரோவான எம்ஆர்டி ரயில் முதலில் ஓடியதோ 1987இல். இடைப்பட்ட 12 ஆண்டுகளும் பேருந்துகளை நம்பித்தான் ஓடின. காலை 7.30 மணி முதல், நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கிய சீட்டைக் கண்ணாடியில் ஒட்டாத கார் அன்று எல்லையைத் தாண்டக் கூடாது. காரில் நான்கு பேர் சேர்ந்து வந்தால் மட்டும் அப்போது இலவசம். அந்த நேரத்துப் போக்குவரத்து 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

எனக்குச் சுவையாகப் படுவது மக்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிகள்தான். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு நான்கு பேர் கணக்கைச் சரிசெய்தார்கள். ஏறியவருக்கும் பேருந்துக் காசு மிச்சம். கட்டுப்பாடு 9.30க்கு முடிந்ததும் கார்கள் மொத்தமாக உள்ளே பாய்ந்ததால், சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். காரை நகர விளிம்பில் விட்டுப் பேருந்தில் மாறிக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிய நிறுத்துமிடங்களோ பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. காரில் ஏறி உட்கார்ந்தவன் பாதி வழியில் ஏன் இறங்கப் போகிறான்? இறங்குகிறவனாக இருந்தால் காரை வீட்டிலேயே விட்டிருப்பானே!

1998இல் மின்னணுக் கட்டணமுறை வந்த பிறகும் இதே கதைதான். அரை மணிக்கொரு முறை கட்டணம் மாறுவதால், குறையும் நேரத்துக்காகச் சிலர் சாலைக்கு மேலே கட்டணம் பிடிக்கும் வளைவுக்கு முன்பே வண்டியை மெதுவாக உருட்டிக் காத்திருந்தார்கள். அதற்காகவே 2003இல், இரண்டு கட்டணங்களுக்கு நடுவே ஐந்து நிமிட இடைக்கட்டணம் ஒன்றைச் சேர்த்தார்கள். எந்த விதியையும் போட்டதோடு விட்டுவிடாமல், ஓட்டுநர்களின் தந்திரத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்ததால்தான் இது நிலைத்தது என்பது என் எண்ணம்.

ஆகவே பாண்டி பஜாரில் அவசரப்பட்டுவிட்டார்கள் என்ற உன் வாதத்தைவிட, செய்ததோடு நிறுத்திக்கொண்டார்களா என்று நீ கேட்டிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். பக்கத்துத் தெருக்களில் காசில்லாமல் நிறுத்த இடம் கிடைக்கும்வரை, பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு யார் காசு கொடுத்துப் போவார்கள்? பேருந்துக்கு அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் காரை யார்தான் வீட்டில் விடுவார்கள்? மாநகராட்சி பார்க்க வேண்டியவை இவை.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். தி. நகருக்குப் போவதாக இருந்தால் மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி ஆகாய நடைபாதை வழியாகப் போவோம். உனக்குக் கார்தான் வேண்டுமென்றால் இப்போதே எழுதிவிடு.

அன்புடன்,
ராமநாதன்