எழும்பூர்ல மேலயும் கீழயும்

ஆசிரியருக்கு வணக்கம். தினமும் தாம்பரத்துலேருந்து லோக்கல் ட்ரெயின்ல வந்து எழும்பூர்ல இறங்கி மெட்ரோ பிடிக்கிறவன் நான், அந்த ஸ்டேஷனப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. அந்த சிவப்புக் கட்டிடத்தைத் திறந்தது 1908ல. 1931 மே மாசத்துலேயே பீச்-தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு, அப்போ மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகலான தண்டவாளம், எங்க அப்பா காலத்துலயும் அதான், 2004ல தான் அதுல கடைசி வண்டி ஓடுச்சு.

2018 மே 25ல கீழ மெட்ரோ வந்துச்சு. ஏசி, எஸ்கலேட்டர், லிஃப்ட், தண்டவாளத்தை மறைச்சு கண்ணாடிக் கதவு, வண்டி வந்து நின்னா தான் அது திறக்கும். போன வாரம் ஒரு பாட்டி மஞ்சப்பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அந்தக் கதவை லேசா தொட்டுப் பார்த்தாங்க, "இது இருந்தா புள்ளைங்க உள்ள விழாதுல்ல தம்பி"ன்னு கேட்டாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

இப்போ மேல ஸ்டேஷன்ல பெரிய அளவுல சீரமைப்பு வேலை நடக்குது. அது முடியறப்போ லோக்கல்லேருந்து மெட்ரோவுக்குப் போற வழியை வயசானவங்களும் லக்கேஜோட வர்றவங்களும் மழையில நனையாம, படி ஏறாம போற மாதிரி செஞ்சு குடுக்கணும், அந்த வழியிலேயே 1931 கதையைத் தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி வைக்கணும்னு கேட்டுக்கிறேன்.

- ஒரு வாசகர், தாம்பரம்