கொம்பி வான் வாங்குகிறவர்கள் முதலில் நிலத்தில் படுக்க வேண்டும்

ஆசிரியர் ஐயா,

உங்கள் ஞாயிறு விளம்பரப் பக்கத்தில் பழைய வொக்ஸ்வாகன் கொம்பி வான் விற்பனைக்கு என்று கொஞ்சக் காலமாக அடிக்கடி காண்கிறேன். கட்டில், குசினி பூட்டியது, புதுப் பெயின்ற், நேரில் பார்த்து விலை பேசலாம் என்று போடுகிறார்கள். சீசனில் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில் எங்கள் ஊர்ப் பொடியள் சிலரும் இதில் இறங்கப் பார்க்கிறார்கள். ஆசை பிழையில்லை. ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, எந்தப் பழைய இரும்புக்கும் வாய்க்கு வந்த விலை சொல்லப் பழகிவிட்டார்கள், 2025இல் தடை தளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போன மாதிரித் தெரியவில்லை. நான் மெக்கானிக் இல்லை. இந்த வானோடு நீண்ட காலம் மாரடித்தவன், அவ்வளவுதான்.

பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எஞ்சின் எப்படி என்றுதான். நான் சொல்வேன், எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். அது பின்னால் கியர்பொக்ஸோடு நாலு போல்ட்டில் பிடித்திருக்கிற சாமான், கெட்டுப்போனால் இறக்கி வைத்துச் செய்யலாம். வானின் உடம்பு, அதாவது பொடி, அப்படியில்லை. இந்த வானுக்குத் தனியாகக் கழற்றக்கூடிய சேசிஸ் கிடையாது, கீழே ஓடுகிற சட்டங்கள், தரைத் தகடு, பக்கச் சுவர் எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்தது. அதில் கறள் ஏறினால் வண்டியே போச்சு. அதுவும் மூன்று பக்கம் கடல் உள்ள எங்கள் ஊரில் உப்புக் காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

ஆகவே போகும்போது ஒரு சாக்கு, ஒரு ரோச் லைட், துணியில் சுற்றிய சின்னக் காந்தம், இவற்றைக் கொண்டு போங்கள். சாக்கை விரித்துக் கீழே படுத்து, ஜாக் வைக்கிற இடங்களையும் நீளச் சட்டங்களையும் விரலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், உக்கிய தகடு தொப்பென்று கேட்கும். அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள், விற்கிறதுக்கு முதல் வாரம் அடியில் தார் பூசுகிறவர் பாதுகாப்புக்காகப் பூசவில்லை. அப்புறம் மேலே வாருங்கள். முன்கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பில் பெயின்ற் கொப்பளித்திருந்தால், அதற்குள்ளால் தண்ணீர் இறங்கி முன் தரையைத் தின்றிருக்கும், கால்மிதியைத் தூக்கிப் பார்க்காமல் நகர வேண்டாம். இழுக்கிற கதவின் அடி விளிம்பு, முன்கதவில் ஏறுகிற படி, கூரையோரப் பீலி, பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலைகள், எஞ்சின் அறையில் பற்றரி இருக்கிற தட்டு (அசிற் சிந்தி ஓட்டை விழுகிற இடம்), இவ்வளவிலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசுகிற பட்டி.

எங்கள் பக்கத்து வீதியில் ஒருவர் வாங்கிய வானில் குசினி அலுமாரியைக் கழற்றியபோது பின்னால் சுவரே இல்லை. பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி, வெளியே பால் வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். எந்தப் பத்திரிகை என்று நீங்கள் கேட்க வேண்டாம். அலுமாரி பூட்டிய வானில் மறைவு அதிகம், அதனால் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் லைட் அடித்துப் பார்க்க விடாதவரோடு விலை பேசாதீர்கள். கூரை தூக்குகிற வகை என்றால் தூக்கச் சொல்லுங்கள், ஓரங்களும் கன்வசும் உக்கியிருக்கிறதா பாருங்கள், மாரி மழையில் அதுதான் முதலில் ஒழுகும். காஸ் அடுப்பு இருந்தால் குழாய் புதிதா என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள், வாங்கினால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

சரி, எஞ்சின். குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும், நீங்கள் போக முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் தேத்தண்ணி குடித்து ஆறவிட்டுப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது பின்னால் பெல்ட் ஓடுகிற சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் பிறகு தள்ளுங்கள். இருக்க வேண்டிய ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீற்றர் வரைதான், கண்ணுக்குத் தெரியாது. டக் டக் என்று கைக்குத் தட்டுப்பட்டால் எஞ்சினை முழுக்கப் பிரிக்கிற வேலை காத்திருக்கிறது, அந்தக் காசை விலையில் கழியுங்கள். இது காற்றில் குளிர்கிற எஞ்சின், ரேடியேற்றர் இல்லை. அதைச் சுற்றியுள்ள தகர மறைப்புகளும் ஓரத்து ரப்பரும்தான் கீழேயுள்ள சூட்டுக் காற்று திரும்ப மேலே ஏறாமல் தடுப்பவை, ஆனால் தேவையில்லாத தகரம் என்று கழற்றி எறிந்துவிட்ட ஆட்களும் இருக்கிறார்கள். ஆனி ஆடி வெயிலில் அப்படியான வண்டி கந்தளாய் போய்ச் சேராது.

பெற்றோல் ரப்பர்க் குழாய்களைக் கட்டாயம் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். சூடான எஞ்சின் மேல் பெற்றோல் சொட்டித்தான் உலகம் முழுக்க இந்த வான்கள் எரிந்திருக்கின்றன, பலவற்றில் எஞ்சின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம் என்பதால் பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைப்பதும் லேசில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது உவர்மலை ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றுங்கள், பிறகு நிலாவெளி வீதியில் கொஞ்சத் தூரம் விடுங்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது கியர் தானாகக் கழன்று வந்தால் கியர்பொக்ஸ் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங்கில் எவ்வளவு வெறும் ஆட்டம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். திரும்பி வந்து சூட்டோடு ஐடிலில் விடும்போது ஒயில் லைட் மினுங்கினால் எஞ்சின் தேய்மானம். ரயரில் அடித்திருக்கிற கடைசி நாலு இலக்கத்தையும் வாசியுங்கள், 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது, பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது பழைய ரயர். ஹபரணைப் பக்கம் யானை கடக்கிற காட்டுப்பாதையில் இரவில் ரயர் வெடித்து நிற்கிற ஆசை ஒருவருக்கும் இருக்காது.

கடைசியாக வண்டியின் பதிவுப் புத்தகம். சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கம் அடித்த தகட்டைச் சுற்றி வெல்டிங் கோடு தெரிந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஜேர்மனியில் 1967 வரை வந்தவற்றுக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு, அதற்குப் பிறகு 1979 வரை வந்தவற்றுக்கு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. 1965 மொடல், ஸ்ரீ இலக்கம் என்று சொல்லிக்கொண்டு ஒற்றைக் கண்ணாடி வண்டியை ஒருவர் காட்டினால், புத்தகம் வேறு ஏதோ வண்டிக்கு உரியது. லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருக்கிறதா, விற்கிறவர்தான் பதிவு உரிமையாளரா, இல்லை பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்ததா என்பதையும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை எடுத்துப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை வாங்கும்போது தயாரித்த ஆண்டு, பதிவு உரிமையாளரே விற்கிறாரா, எஞ்சின் மாற்றியதா என்ற மூன்றையும் கட்டாயம் எழுதித் தரச் சொல்லிப் போட்டால் நல்லது. புதுப் பெயின்ற் என்ற வரியை எடுத்துவிட்டால் அதற்கு இடமும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.