மூட்டை தூக்குனது போதுங்கப்பா

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நல்லா இருக்கேனுங்க. போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், ரெண்டு தடவையும் நீங்க பாதியிலயே "அப்ப இத்தன நாளு என்னத்துக்கு அந்தக் குளுர்ல கெடந்தே"ன்னு கேட்டீங்க, நானும் கோவப்பட்டு கட் பண்ணிட்டேன். அதனால டைப் பண்ணி பாப்பா நம்பருக்கு அனுப்பறேன். பொழுதோட சோறுண்டுட்டு கயித்துக்கட்டல்ல உக்காந்தப்பறம் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. நடுவுல பேசாம கேக்கோணும், அவ்வளவுதான்.

கனடாவுல இந்த தண்டர் பே ஊர்ல பாத்துட்டிருந்த வேலைய விட்டுட்டேனுங்க. அடுத்த மாசம் 1ஆம் தேதியிலருந்து டொரண்டோ பக்கத்துல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல இன்ஸ்ட்ரக்டர். ஆமாங்க, வாத்தியார் வேலைதான். டீச்சர் ட்ரெய்னிங் சேருடான்னு நீங்க சொன்னப்போ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுப் போனவன்தான் நானு, சிரிக்காதீங்க.

கணக்கு என்னன்னா, கமர்சியல் லைசென்ஸ் கையில வாங்கறப்போ ப்ளேன் ஓட்டுன கணக்கு 212 மணி நேரம் இருந்துச்சு. பெரிய ஏர்லைன்ல கேப்டனா உக்கார்றதுக்கு வேணுங்கற ஏடிபிஎல்ங்கற பெரிய லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் வேணும், இங்கயும் அதான், நம்மூர்லயும் அதான். நடுவுல இருக்கற மணிநேரத்த யாராவது சம்பளங்குடுத்து ஓட்டவெச்சாத்தான் உண்டு, சொந்தக்காசுல ஓட்டறதுன்னா காட்ட முழுசா வித்தாலும் பத்தாது. 200 மணி நேரக்காரன நம்பி வண்டி குடுக்கறவங்களும் கொஞ்சம்பேருதான். எங்க பேட்ச் பையன் ஒருத்தன் போட்ஸ்வானா போயி மௌன்னு ஒரு ஊர்ல டேரா போட்டு, கம்பெனி கம்பெனியா படியேறி, இப்ப செஸ்னான்னு ஒரு சின்ன ப்ளேன்ல டூரிஸ்ட்டுகள யானை பாக்கக் கூட்டிட்டுப் போறான். சர்வே வேலைன்னு ஒண்ணு இருக்கு, தாழ்வா பறந்து நேர்க்கோடா போயி திரும்பி அடுத்த கோடு, நாளெல்லாம் அப்படியே, உழவு ஓட்டறமாதிரியேதான், ஆனா நான் கேட்ட எடத்துல எல்லாம் எச்சு மணி நேரம் வேணும்னுட்டாங்க.

இன்ஸ்ட்ரக்டர் ஆகறதுக்கு தனி ரேட்டிங், அதாவது சொல்லிக்குடுக்கற தகுதி, எடுக்கோணும், அதுக்கு அப்ப கையில காசில்ல, உங்ககிட்ட மறுபடி கேக்க வாயும் வரல. வடக்கால போனா ராம்ப்ல வேலை, அதாவது சரக்கு ஏத்தறது, எறக்கறது, ப்ளேனுக்கு பனி தள்றது. எட்டு மாசம் இதச் செய்யி, அப்பறம் கோ பைலட் சீட்டுன்னாங்க, அதுவும் டர்பைன் ரெட்டை எஞ்சின். வாய்ல சொன்னதுதான், பேப்பர்ல இல்ல. நான் நம்பிட்டேன்.

மாமா "ஏரோப்ளேன் ஓட்டப் போனவன் மூட்டை தூக்கறானாமா"ன்னு ஒறம்பரை மத்தியில சொன்னாருன்னு அம்மா சொல்லுச்சு. அது ஒண்ணும் பொய்யில்லீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த மூட்டையில கத்துக்கிட்டத எந்த ஸ்கூல்லயும் கத்துக்கல.

பீச் 1900ன்னு ஒரு ப்ளேனு, 19 பேரு உக்கார்றது, சீட்டயெல்லாம் கழட்டிட்டு சரக்கு ஏத்துவோம். வடக்கால இருக்கற ஊருகளுக்கு ரோடே கெடையாது, குளிர்காலத்துல ஏரி உறைஞ்சா அதுமேல கொஞ்சநாளு வண்டி போகும், மத்தபடி பால் கேனு, டயாப்பரு, சிப்ஸ், நாய்த்தீனி எல்லாமே வானத்துலதான் போகோணும். எறங்கற எடம் 3500 அடி சரளைக்கல் ஓடுபாதை, நம்ம பீளமேடு ஏர்ப்போர்ட்டுல பாதிகூட இருக்காது. ஏத்தறப்போ வாலுக்கு அடியில ஒரு முட்டு குடுக்கோணும். மொத நாளு அதப்பாத்ததும் எனக்கு அப்பாரோட மாட்டுவண்டி நியாபகம் வந்துருச்சு, நொகத்தடிக்கு முட்டுக்கட்டை வெச்சு மூட்டை அடுக்குவாரே, அதேதான். முன்பாரம் பின்பாரம்னு திட்டிட்டே இருப்பாரு, பின்பாரம் எச்சாயிட்டா நொகம் மேல தூக்கி மாட்டுக்கு கழுத்தக் கயிறு இறுக்கிரும்பாரு. இங்கயும் பின்பாரம் எச்சாயிட்டா மூக்கு தூக்கும், வேகம் கொறையும், ரெக்கை காத்தப் புடிக்காம விட்டுரும், அதுக்கப்பறம் பைலட்டு என்ன தள்ளுனாலும் மூக்கு எறங்காம போயிரலாம். காலேஜ்ல இத கிராஃப் போட்டு சொல்லிக்குடுத்தாங்க, மார்க்கும் வாங்குனேன், ஆனா 20 கிலோ நாய்த்தீனி மூட்டைய பின்னாலருந்து முன்னால நானே இழுத்துட்டுப் போறப்பத்தான் மண்டையில ஏறுச்சு.

இன்னொண்ணு பனி. மைனஸ் 30ல காலைல 5 மணிக்கு ரெக்கைக்குப் போட்ட துணிய உருவுவோம், அதுவே தகரமாட்ட வெறச்சுப்போயிருக்கும், மூச்சு இழுத்தா மூக்குக்குள்ள முடி உறையறது தெரியும். ரெக்கை மேல உப்புத்தூளாட்ட ஒரு படலம் இருந்தாலும் பறக்கக்கூடாது. ஏன்னு கேட்டப்ப ஒரு பழைய கேப்டன் ட்ரைடன் கதைய சொன்னாரு. 1989 மார்ச்சுல எங்க தண்டர் பேயிலருந்து கெளம்புன ப்ளேனு ட்ரைடன்ல எறங்கி மறுபடி ஏறுறப்போ ரெக்கையில பனி. அதுல தானா எஞ்சின ஸ்டார்ட் பண்ற சின்ன மெசினு ரிப்பேரு, எறங்குன ஊர்ல ஸ்டார்ட் பண்ற வசதியுமில்ல, எஞ்சின நிறுத்துனா மறுபடி ஓடாதுன்னு ஒண்ண ஓடவிட்டே வெச்சிருந்தாங்க, அந்த ப்ளேனுக்கு எஞ்சின் ஓடறப்போ பனி கழுவக்கூடாது, அப்படியே கெளம்பிட்டாங்க. 69 பேர்ல 24 பேரு போயிட்டாங்க. அதக் கேட்டதுக்கப்பறம் நான் ரெக்கையக் கையால தடவிப் பாக்காம விட்டதில்ல, க்ளவுஸக் கழட்டிட்டு.

இவ்வளவு கத்துக்கிட்டு ஏன் விட்டேன்னு கேப்பீங்க. லாக்புக்கு, பறந்த மணி நேரத்த எழுதற நோட்டு, அதாங்க. 14 மாசம் ஆச்சு, இந்த வேலையில என்ற பேர்ல ஒரு மணி நேரம்கூட ஏறல. மேல இருக்கறவன் ஏர்லைனுக்குப் போனாத்தான் கீழ இருக்கறவனுக்கு சீட்டு காலியாகும், ஏர்லைன்காரங்க ஆளெடுக்கறத கொறைச்சதும் மேல இருந்தவங்க அசையவே இல்ல, அப்ப கீழயும் அசையாது. எட்டு மாசம்னாங்க, அப்பறம் "இந்த சம்மர்", அப்பறம் "அடுத்த சம்மர்". வொர்க் பர்மிட்டு எனக்கு 3 வருசந்தான், அது யாருக்காகவும் நிக்காது. என்ற கூட இருக்கற பஞ்சாபிப் பையன் இன்னும் காத்திருக்கான், எனக்கு முன்னாடி சேந்தவன், அவனுக்கு ஒருவேளை அடுத்த மாசமே கெடைக்கலாம். கெடைச்சா எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கும், மறைக்கல.

அப்பா, உங்களுக்குத் தெரியாததில்ல. 2010-11ல மஞ்சள் குவிண்டால் 15000த்தைத் தாண்டுனப்ப, வேவாரி வீட்டுவாசல்ல வந்து நின்னான், நீங்க 20000 போகும்னு குடோன்லயே வெச்சீங்க. 5000த்துக்குக் கீழ வந்தப்பறந்தான் போட்டீங்க. அன்னைக்கு ராத்திரி நீங்க சோறுங்காம படுத்தது எனக்கு நல்லா நியாபகமிருக்கு. நானும் இப்ப குடோன்ல மூட்டையாட்டந்தான் கெடந்தேன்.

அதான் லீவு நாள்ல எல்லாம் ஓடி ஓடி ரேட்டிங் முடிச்சேன், 30 மணி நேரம் ப்ளேன்ல, 25 மணி நேரம் க்ளாஸ்ல போர்டு முன்னால, ராம்ப்ல மிச்சம்புடிச்ச காசு பூரா அதுக்கே போச்சு. அதனாலதான் தீவாளிக்கு ஒண்ணும் அனுப்பல, இப்பத்தான் சொல்றேன், மன்னிச்சுக்கோங்க.

புது எடத்துலயும் கஷ்டம் இருக்குங்க. ப்ரொப்பெல்லர் சுத்துனாத்தான் காசு, மழை மேகம்னா கையக் கட்டிட்டு உக்காந்திருக்கோணும். சம்மர்ல மாசம் 70 மணி நேரம் ஓட்டலாம், குளிர்ல 25 வந்தா பெருசுங்கறாங்க அங்க இருக்கறவங்க. ஆனா ஸ்டூடண்ட்டு ஓட்டுனாலும் பைலட் இன் கமாண்ட், அதாவது பொறுப்பு பைலட், நாந்தான், அந்த நேரம் முழுசா என்ற லாக்புக்குல ஏறும். வடக்கால இருக்கறவனுக செஸ்னாவுல ஏர்ப்போர்ட்டையே சுத்திச் சுத்தி சர்க்கிட் அடிச்சே 1000 மணி சேத்தவன்னு கிண்டல் பண்ணுவானுக, அதுல நியாயமும் இருக்கு, ரெட்டை எஞ்சின் அனுபவம் இதுல வராது. பர்மிட்டு முடியறதுக்குள்ள 1500 வராது, அதையும் இப்பவே சொல்லிடறேன். 700, 800 வந்தா வாடகைக்கு ப்ளேன் விடற சின்ன சார்ட்டர் கம்பெனி எதாச்சும் சித்த மூஞ்சியப் பாத்துப் பேசும்.

பக்கத்துக் காட்டு அண்ணன் மகன் 200 மணி நேரத்துலயே நம்மூர் ஏர்லைன்ல சேந்துட்டான்னு சொல்லுவீங்க. நெசந்தான், அங்க அப்படி எடுக்கறாங்க, ஆனா நான் வந்தா நம்மூர் விமானத்துறை டிஜிசிஏவோட பரீட்சை எழுதி லைசென்ஸ மாத்தோணும், அப்பறம் ஏர்பஸ் டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ப்ளேன ஓட்டற தனித் தகுதிக்கு, மறுபடி லட்சக்கணக்குல. ஏற்கனவே பேங்க்ல கெடக்கற பத்திரம் போதும். அந்த வழிய மூடிப் போடல, கடைசியில வெச்சிருக்கேன்.

அம்மாவுக்கு: துவரம்பருப்பு இண்டியன் கடையில கெடைக்குது, குக்கர்ல அரிசிம்பருப்பு சாதம் வாரத்துல மூணு நாளு. நெய் நம்மூட்டு வாசம் வர்றதில்ல. புது ரூம்ல இன்னும் ரெண்டு பேரு, ரெண்டு பேரும் பைலட்டுதான், எவனுக்கும் சமைக்கத் தெரியல.

மாமா கேட்டா வாத்தியாராயிட்டான்னே சொல்லிருங்க, பரவால்ல. காலிங்கராயன் வாய்க்கால்ல தண்ணி நிறுத்திட்டாங்களா? மஞ்சள் வேகவெச்சாச்சா? இந்த வருசமாச்சும் மார்க்கெட்ல வெலை கேக்கறப்பவே போட்டுருங்கப்பா.